திருத்தப்படமாட்டாது: ஓர் எச்சரிக்கை வரியின் வரலாறு

2008ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் எங்களில் நால்வர் சேர்ந்து, நின்றுபோன சில சிற்றிதழ்களுக்கு அடைவு தயாரித்துக்கொண்டிருந்தோம். இதழ் எண், ஆண்டு, படைப்பின் தலைப்பு, எழுதியவர் பெயர், பக்கம் என்று ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யும் வேலை. கையில் இருந்த கணினி ஒன்றே ஒன்று. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, தாம் பயன்படுத்தியபின் எங்களுக்கென்று விட்டுச்சென்ற வெண்ணிற மாக்புக் அது. அடைமழை நாளொன்றில் அது தள்ளாடத் தொடங்கியது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் வண்ணச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் சுற்றும்.

மாக் கணினி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அன்று ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: ‘டிஸ்க் யுட்டிலிட்டியைத் திறந்து ரிப்பேர் பர்மிஷன்ஸ் கொடுங்கள், சரியாகிவிடும்.’ கொடுத்தோம். அனுமதித் தரவுத்தளம் வாசிக்கப்படுகிறது என்று ஒரு வரி வந்து நெடுநேரம் அசையாமல் நின்றது. பிறகு வரிகள் மளமளவென்று இறங்கின. இன்ன கோப்பின் அனுமதி வேறுபடுகிறது, இப்படி இருக்க வேண்டும், ஆனால் இப்படி இருக்கிறது. இன்ன கோப்புறையின் குழு வேறுபடுகிறது, 80 என்று இருக்க வேண்டும், 0 என்று இருக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவே, ‘எச்சரிக்கை’ என்று தொடங்கும் ஒரு வரி. தமிழில் சொன்னால் ஏறத்தாழ இவ்வாறு வரும்: ‘இந்த எஸ்யுஐடி கோப்பு மாற்றப்பட்டிருக்கிறது; இது திருத்தப்படமாட்டாது.’

அஞ்சிவிட்டோம் என்றே சொல்ல வேண்டும். யார் மாற்றினார்கள்? ஏன் திருத்தப்படமாட்டாது? மறுபடி ஓட்டினோம், அதே வரி. மூன்றாம் முறையும் அதே வரி. அந்த வாரம் முழுவதும், தட்டச்சு வேலையை நிறுத்திவிட்டு, அந்த ஒரு வரியைப் போக்குவதற்கான வழியைத் தேடிக்கொண்டிருந்தோம். அந்தத் தேடலுக்கு நாங்கள் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறோம். முதலில் அந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அதன் வேர் மாக் கணினியில் இல்லை; அதற்கும் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு அப்பால், அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரங்களில் இருக்கிறது.

ஒரு கணினியை ஒரு நேரத்தில் ஒருவரே பயன்படுத்தும்வரை, ‘இந்தக் கோப்பு யாருடையது?’ என்ற கேள்விக்கு இடமில்லை. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவருடைய குழுவினரும் 1961 நவம்பரில் சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை இயக்கிக் காட்டினார்கள். பலர் தத்தம் முனையத்தில் அமர்ந்து ஒரே இயந்திரத்தின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. பலர் வந்ததும் கடவுச்சொல் வந்தது. கடவுச்சொல் வந்ததும் அதைப் பாதுகாக்கும் தொல்லையும் வந்தது. அந்தக் காலத்து நிகழ்ச்சி ஒன்றை, 1990ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்று ஆற்றிய உரையில் கோர்பட்டோவே நினைவுகூர்ந்திருக்கிறார். கணினிக்குள் நுழைவோர் அனைவருக்கும் காட்டப்படும் ‘இன்றைய செய்தி’ என்ற கோப்பை நிர்வாகி ஒருவர் திருத்திக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் இன்னொருவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு கோப்புறையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்வார் என்று நம்பி எழுதப்பட்ட திருத்தும் நிரல், இரண்டு தற்காலிகக் கோப்புகளுக்கும் ஒரே பெயரை வைத்திருந்தது. இரண்டும் இடம் மாறின. அதன்பின் உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய செய்தியாக எல்லோருடைய கடவுச்சொற்களும் வரிசையாகக் காட்டப்பட்டன.

எவரும் திருடவில்லை, எவரும் சதி செய்யவில்லை. தனியொருவருக்காக எழுதப்பட்ட நிரல் கூட்டத்தின் நடுவே வைக்கப்பட்டது, அவ்வளவுதான். இதே கதை இன்னொரு வடிவில் மாக் கணினிக்குள்ளும் நிகழவிருந்தது.

சிடிஎஸ்எஸ்ஸுக்கு அடுத்து, 1960களின் நடுவில், எம்ஐடியும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் பெல் ஆய்வகமும் சேர்ந்து மல்டிக்ஸ் என்ற பெரும் திட்டத்தைத் தொடங்கின. அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அணுகல் பட்டியல் உண்டு. இன்னார் படிக்கலாம், இன்னார் எழுதலாம் என்று பெயர் பெயராகக் குறித்துவைக்கும் முறை. நுணுக்கமான முறைதான், ஆனால் திட்டம் வளர்ந்துகொண்டே போனது. 1969இல் பெல் ஆய்வகம் விலகிக்கொண்டது. விலகி வந்தவர்களில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் இருந்தார்கள். பிடிபி-7 என்ற சிறிய இயந்திரத்தில் தாம்சன் தொடங்கியதுதான் யூனிக்ஸ்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியது. அதில் அனுமதி எப்படி இருந்தது என்று பார்த்தால் அதன் சிக்கனம் வியப்பூட்டுகிறது. பெயர்ப் பட்டியல் எதுவும் இல்லை. உடைமையாளர் படிக்கலாமா, எழுதலாமா. மற்றவர் படிக்கலாமா, எழுதலாமா. இது இயக்கத்தக்க நிரலா. ஆறாவதாக ஒரு விசேஷக் குறி. மொத்தம் ஆறே குறிகள். ‘குழு’ என்ற இடைநிலை பின்னர்தான் சேர்க்கப்பட்டது. உடைமையாளர், குழு, மற்றவர் என்ற மூவருக்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்ற மூன்று உரிமைகள். மூன்று மூன்றாக ஒன்பது குறிகள் என்று இன்று நாம் அறியும் வடிவம் அவ்வாறு வந்தது. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என்று மதிப்புக் கொடுத்துக் கூட்டினால் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம் கிடைக்கும். 755 என்றால் உடைமையாளருக்கு எல்லாம் உண்டு, ஏனையோர் படிக்கலாம், இயக்கலாம், கைவைக்கக் கூடாது என்று பொருள். 644 என்றால் உடைமையாளர் எழுதலாம், மற்றவர் படிக்க மட்டும் செய்யலாம். திரையில் வந்த ஆர், டபிள்யூ, எக்ஸ், கோடு என்ற எழுத்துக் குவியல் இதன் விரித்த வடிவமே. ஆங்கிலத்தில் அந்த மூன்று உரிமைகளின் முதலெழுத்தோ, நடு எழுத்தோ. இல்லாத உரிமைக்குக் கோடு.

மல்டிக்ஸின் நீண்ட பட்டியலை இப்படி ஒன்பது புள்ளிகளாகச் சுருக்கியது அன்றைய இயந்திரத்தின் சிறுமையால் நேர்ந்தது மட்டுமல்ல என்று நாம் கருதுகிறோம். அது ஒரு ரசனையும்கூட. உரைகாரர் பக்கம் பக்கமாக விரிப்பதைச் சூத்திரக்காரர் ஓரடியில் சொல்லி நகர்வாரே, அந்த வகை.

அந்த ஆறாவது குறிதான் நம் கதையின் நாயகன். அதைப் புரிந்துகொள்ள ஒரு சிக்கலை எண்ணிப் பார்க்க வேண்டும். எல்லோருடைய கடவுச்சொல்லும் ஒரே கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில் எழுதும் உரிமை, ரூட் எனப்படும் தலைமைப் பயனருக்கு மட்டுமே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எவரும் எவருடைய கடவுச்சொல்லையும் மாற்றிவிடலாம். ஆனால் சாதாரணப் பயனர் ஒருவர் தம் சொந்தக் கடவுச்சொல்லை மாற்ற விரும்பினால்? ஒவ்வொரு முறையும் நிர்வாகியிடம் போய் நிற்பதா? கோப்பைத் திறந்துவிட்டால் ஆபத்து. மூடிவைத்தால் அன்றாட வேலை நடக்காது.

இதற்கு ரிட்சி கண்ட வழி எளியது. மனிதருக்கு அதிகாரம் கொடுக்க வேண்டாம், நிரலுக்குக் கொடு. கடவுச்சொல்லை மாற்றும் நிரலின் மீது ஒரு குறியை இட்டுவிட்டால், அதை யார் இயக்கினாலும், அது ஓடி முடியும்வரை, அந்த நிரலின் உடைமையாளருடைய அதிகாரத்தோடு ஓடும். உடைமையாளர் ரூட் என்றால், ரூட்டின் அதிகாரம். நிரல் தனக்கென்று எழுதப்பட்ட ஒரே வேலையைச் செய்துவிட்டு அடங்கிவிடும். அரசனின் முத்திரை மோதிரத்தைத் தூதனிடம் கொடுத்து, இந்த ஓர் ஓலையில் மட்டும் பதித்துவிட்டு வா என்று அனுப்புவதைப் போல. எஸ்யுஐடி என்று திரையில் வந்தது இதுதான். இயக்குதலைக் குறிக்கும் எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் நின்றால் அந்த நிரலிடம் மோதிரம் இருக்கிறது என்று பொருள். இலக்கத்தில் 755க்கு முன்னால் 4 சேர்ந்து 4755 ஆகும். இந்த யோசனைக்காகப் பெல் ஆய்வகம் 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1979 ஜனவரியில் 4,135,240 என்ற எண்ணில் ரிட்சியின் பெயரில் அது வழங்கப்பட்டது; பின்னர் பொதுப் பயன்பாட்டுக்கு விடப்பட்டது.

தூதனை நம்பலாம். ஆனால் வழியில் ஆள் மாறாட்டம் நடந்தால்? எஸ் குறி பெற்ற நிரலின் உள்ளடக்கத்தை ஒருவர் மாற்றிவிட முடிந்தால், அவர் அந்த நொடியே அரசர். ஆகவே பின்னாளைய யூனிக்ஸ் வகை அமைப்புகள் பலவற்றில் ஒரு விதி உண்டு. இத்தகைய கோப்பில் சாதாரணப் பயனர் ஒருவர் ஏதேனும் எழுதினால், அந்தக் கணமே எஸ் குறி உதிர்ந்துவிடும். உள்ளடக்கம் மாறியபின் பழைய நம்பிக்கை செல்லாது என்பது அதன் தர்க்கம். இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

யூனிக்ஸ் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. கலிபோர்னியாவின் பெர்க்லியில் அதற்குத் தனிக் கிளை ஒன்று தழைத்தது. ஆப்பிளை விட்டு வெளியேறிய ஸ்டீவ் ஜாப்ஸ் 1985இல் தொடங்கிய நெக்ஸ்ட் நிறுவனம் அந்தக் கிளையை எடுத்துத் தன் இயங்குதளத்துக்கு அடித்தளமாக்கியது. 1996 டிசம்பரில் நெக்ஸ்டை வாங்கப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. 2001 மார்ச் 24 அன்று மாக் ஓஎஸ் டென் வெளியாயிற்று. இவையெல்லாம் பலமுறை எழுதப்பட்ட செய்திகள்தாம்.

அதிகம் எழுதப்படாதது, அன்று வீட்டுக் கணினிக்குள் நிகழ்ந்த குடியேற்றம். 1984இல் வந்த முதல் மாக்கின்டாஷ் தனியொருவருக்கான இயந்திரம். மேசைமேல் இருப்பதெல்லாம் அமர்ந்திருப்பவருக்குச் சொந்தம். எதையும் இழுத்து எங்கும் வைக்கலாம், குப்பைக்கூடையிலும் போடலாம். பதினேழு ஆண்டுகள் அப்படிப் பழகியவர்களின் மேசைக்குள், ஒரு காலை வேளையில், ஐம்பது பேர் பகிர்ந்துகொண்ட இயந்திரத்துக்காக வகுக்கப்பட்ட சட்டங்கள் வந்து உட்கார்ந்தன. கணினியை விலை கொடுத்து வாங்கியவர் 501 என்ற எண் கொண்ட குடிமகன் ஆனார். 0 என்ற எண்ணில் கண்ணுக்குத் தெரியாத அரசர் ஒருவர் இருந்தார். 80 என்பது நிர்வாகிகளின் குழு. குழுக்களில் 0 என்பதற்கு ‘வீல்’, அதாவது சக்கரம் என்று பெயர். செல்வாக்கு மிக்கவரைப் ‘பெரிய சக்கரம்’ என்று சொல்லும் அமெரிக்கக் கொச்சை வழக்கிலிருந்து பழைய கணினி அறைகள் வழியாக வந்த பெயர். எங்கள் திரையில் வந்த ‘குழு 80 என்று இருக்க வேண்டும், 0 என்று இருக்கிறது’ என்ற வரிக்கு இதுதான் பொருள். நிர்வாகிகளுக்கு உரியதாக இருக்க வேண்டிய கோப்புறை சக்கரத்தாரின் பேரில் இருக்கிறது. உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

தொல்லை வேறிடத்தில் எழுந்தது. மாறிவரும் அந்தச் சில ஆண்டுகளில் ஒரே கணினியைப் பழைய மாக் ஓஎஸ் 9 கொண்டும் இயக்கலாம், புதிய டென் கொண்டும் இயக்கலாம். பழைய அமைப்புக்கு யூனிக்ஸ் அனுமதிகள் என்றால் என்னவென்றே தெரியாது. காலையில் டென் சட்டப்படி பூட்டிவைத்த கோப்புகளை மாலையில் 9இல் புகுந்தவர் விருப்பம்போல் நகர்த்திவிடுவார். மறுநாள் டென் எழுந்து பார்த்தால் உடைமையாளர் பெயர்கள் கலைந்திருக்கும். கவனமின்றி எழுதப்பட்ட நிறுவும் நிரல்களும் தம் பங்குக்குக் குழப்பின. இதைச் சரிசெய்ய 2002இல் 10.1.5 பதிப்புக்கென்று ஆப்பிள் ஒரு சிறு கருவியைத் தனியாக வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த 10.2 ஜாகுவாரில் அது டிஸ்க் யுட்டிலிட்டிக்குள் ஒரு பொத்தானாக அமர்ந்தது.

அந்தப் பொத்தான் செய்தது என்ன என்பதை அறிந்திருந்தால் எங்கள் அச்சத்தில் பாதி போயிருக்கும். ஆப்பிளின் நிறுவும் நிரல் எதையேனும் வட்டில் வைக்கும்போது ஒரு ரசீதையும் விட்டுச்செல்லும். அதனுள் ஒரு சரக்குப் பட்டியல் இருக்கும்: இன்ன கோப்பு, அதன் அனுமதி, உடைமையாளர் எண், குழு எண், அளவு, உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்பட்ட ஒரு சரிபார்ப்பு எண். பொத்தானை அழுத்தியதும் கருவி இந்தப் பட்டியலை ஒரு கையிலும் வட்டை மறு கையிலும் வைத்துக்கொண்டு ஒப்பிடும். வேறுபாடு கண்ட இடத்தில் வட்டைப் பட்டியலுக்கு ஏற்ப மாற்றும். நெடுநேரம் அசையாமல் நின்ற அந்த முதல் வரி, பட்டியல்கள் திரட்டப்படும் நேரம்.

இலக்கிய வாசகர்களுக்கு இதைச் சொல்ல எளிய வழி உண்டு. கருவி ஒரு மெய்ப்புத் திருத்துநர். மூலப்படியை அருகில் வைத்துக்கொண்டு அச்சுப்படியை வரிவரியாக ஒப்பிடுகிறார். மூலத்தில் இல்லாதது எல்லாம் அவருக்குப் பிழை. ஆனால் ஆசிரியர் இரண்டாம் பதிப்புக்காகத் தாமே செய்த திருத்தங்கள் பழைய மூலப்படியில் ஏறவில்லையென்றால், அவற்றையும் நம் மெய்ப்புத் திருத்துநர் பிழையென்றே குறிப்பார். பாடபேதம் கண்ட ஒவ்வோரிடத்திலும் ‘எந்தப் பாடம் பிந்தையது?’ என்று கேட்பது பதிப்பாசிரியரின் வேலை. அவருக்கு அது தரப்படவில்லை. மேம்படுத்தல்கள் வர வர வட்டிலிருந்த நிரல்கள் புதுப்பிக்கப்பட்டன; பட்டியல்கள் சில பின்தங்கின. திரையில் இறங்கிய வரிகளில் பெரும்பகுதி இந்தப் பின்தங்கலின் பதிவு மட்டுமே.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மூலப்படி இல்லாத கோப்புகளை அந்தத் திருத்துநர் ஏறிட்டும் பார்க்கமாட்டார். நாம் எழுதிய கட்டுரைகள், நாம் தட்டச்சு செய்த அடைவு, நம் கடிதங்கள் இவற்றுக்கு எந்த ரசீதிலும் இடமில்லை. எங்கள் கோப்புகள் திறக்கத் தாமதமானதற்காக நாங்கள் அழுத்திய பொத்தான் அந்தக் கோப்புகளின் அருகே ஒருமுறைகூடச் செல்லவில்லை.

இனி அந்த எச்சரிக்கைக்கு வரலாம். சாதாரணக் கோப்பில் வேறுபாடு கண்டால் கருவி தயங்காமல் திருத்திவிடும். எஸ்யுஐடி கோப்பில் மட்டும் அது ஒரு கணம் நிற்கிறது. உள்ளடக்கம் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்க்கிறது. இருந்தால் எஸ் குறியை முறைப்படி இட்டுவிடும். உள்ளடக்கம் மாறியிருந்தால்? மாற்றியவர் ஆப்பிளாக இருக்கலாம், கயவராகவும் இருக்கலாம். கயவர் என்றால், ‘திருத்துகிறேன்’ என்று சொல்லி அந்த நிரலுக்கு முத்திரை மோதிரத்தை மறுபடி அணிவிப்பது கருவி தன் கையாலேயே கோட்டைக் கதவைத் திறந்துவிடுவதாகும். ஆகவே அது கைவைக்க மறுத்தது. மறுத்ததை ஒளிக்காமல் சொல்லவும் செய்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப்போன அந்தத் திருத்துநர், அன்று பதிப்பாசிரியராக நடந்துகொண்ட ஒரே இடம் அது. அதைப் பார்த்துத்தான் நாங்கள் அஞ்சினோம். ‘திருத்தப்படமாட்டாது’ என்பதைக் கைவிரிப்பாக வாசித்தோம். அது ஒரு மறுப்பு.

அன்று உலகெங்கும் மாக் வைத்திருந்தவர்களை அதிகமாக அலைக்கழித்த வரியில் இருந்த கோப்பின் பெயர் ஏஆர்டி ஏஜென்ட். தொலைவிலிருந்து கணினியை நிர்வகிக்க உதவும் ஆப்பிளின் சொந்த நிரல். மேம்படுத்தலில் அது மாறியது, பட்டியல் மாறவில்லை, எனவே எச்சரிக்கை. இதைப் புறக்கணிக்கலாம் என்று ஆப்பிளே பின்னர் ஓர் ஆதரவுக் குறிப்பை வெளியிட்டது; கவலையின்றிக் கடந்துபோகத்தக்க செய்திகள் என்று ஒரு நீண்ட பட்டியல். வரலாற்றின் குறும்பு என்னவென்றால், 2008 ஜூனில் அதே ஏஆர்டி ஏஜென்ட்டில் உண்மையாகவே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. ரூட்டின் மோதிரம் அணிந்த அந்த நிரல், ஆப்பிள்ஸ்கிரிப்ட் வழியாக யார் எந்தக் கட்டளையைக் கொடுத்தாலும் நிறைவேற்றும் நிலையில் இருந்தது. ஒரே வரிக் கட்டளை போதும், கடவுச்சொல் கேட்காமல் தலைமைப் பயனர் ஆகிவிடலாம். ஜூலை இறுதியில் வந்த பாதுகாப்பு மேம்படுத்தலில் அது அடைக்கப்பட்டது. அந்த ஓட்டைக்கும் எங்கள் திரையில் வந்த வரிக்கும் தொடர்பில்லை. ஆனாலும், புறக்கணிக்கலாம் என்று சொல்லப்பட்ட கோப்பும் பயப்பட வேண்டிய கோப்பும் ஒன்றாகவே இருந்த ஆண்டு அது.

புறக்கணிக்கத்தக்க பட்டியலில் இன்னொரு வரி உண்டு: ‘எதிர்பாராத அணுகல் பட்டியல் காணப்பட்டது’ என்பது. எந்தப் பட்டியல்? மல்டிக்ஸிலிருந்து விலகி வந்தபோது தாம்சனும் ரிட்சியும் எடுத்துவராத அதே வகைப் பெயர்ப் பட்டியல்தான். ஒன்பது புள்ளிகள் போதவில்லை என்று நாற்பதாண்டு கழித்து உலகம் மறுபடி அதை நாடியது. மாக்கில் 2005இல் டைகரோடு வந்து, 2007 அக்டோபரில் லெபர்டில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியது. பழைய சரக்குப் பட்டியல்களுக்கு அது தெரியாது. கண்ட இடத்திலெல்லாம் ‘எதிர்பார்க்கவில்லையே’ என்று சொல்லிக்கொண்டிருந்தது கருவி. 1960களில் வீட்டை விட்டு அனுப்பப்பட்ட மூத்த உறவினர் திடீரென்று திண்ணையில் வந்து அமர்ந்திருப்பதைக் கண்ட பிள்ளைகளின் திகைப்பு அது.

2000களின் நடுவில் இந்தப் பொத்தான் ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. மேம்படுத்தலுக்கு முன்பு ஒருமுறை, பின்பு ஒருமுறை. அச்சுப்பொறி மக்கர் செய்தால் ஒருமுறை. காரணம் தெரியாவிட்டால் கட்டாயம் ஒருமுறை. ஜான் க்ரூபர் போன்ற வலைப்பதிவர்கள் இதை மாந்திரீகம் என்றே எழுதினார்கள். அனுபவத்தில் பலன் கண்டதாகச் சொன்னவர்கள் சினந்து மறுத்தார்கள். இந்தச் சண்டையில் நாம் க்ரூபரின் பக்கம்தான். ஆனால் சடங்கு வளர்ந்ததற்கு மனிதரின் மூடத்தனம் மட்டும் காரணமல்ல. அந்தத் திரையில் இரண்டு பொத்தான்கள் அருகருகே இருந்தன. ஒன்று அனுமதிகளைத் திருத்துவது. மற்றது வட்டைத் திருத்துவது. கோப்பு முறைமையின் உள்கட்டமைப்பையே சோதிப்பது. கணினி எந்த வட்டிலிருந்து இயங்குகிறதோ அதையே திருத்தச் சொன்னால் இரண்டாவது பொத்தான் சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். நிறுவுதட்டைத் தேடியெடுத்து, அதிலிருந்து கணினியைத் தொடங்கினால்தான் அதை அழுத்த முடியும். உயிரோடு இருந்தது அனுமதிப் பொத்தான் ஒன்றுதான். கைக்கு எட்டியதை அழுத்தினோம்.

எங்கள் நிறுவுதட்டு எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை வரியைப் போக்கும் முயற்சியில் ஒன்பது நாட்கள் கழிந்தன. அந்த நாட்களில் வன்தட்டிலிருந்து மெல்லிய ‘டிக், டிக்’ ஓசை வந்துகொண்டிருந்ததை எங்களில் இருவர் கேட்டிருந்தோம். திரையில் எழுத்தாக வராத எதையும் எச்சரிக்கையாகக் கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. பத்தாம் நாள் காலை சாம்பல் திரையில் கேள்விக்குறி இட்ட ஒரு கோப்புறைப் படம் மட்டும் வந்தது. வட்டு போய்விட்டது. நகலெடுத்துக் காக்கும் டைம் மெஷின் வசதி அதே லெபர்டில் இருந்தது. வெளிவட்டு ஒன்றுக்குப் பணம் ஒதுக்குவதை மாதாமாதம் தள்ளிப்போட்டவர்கள் நாங்கள்தாம். மின்னஞ்சலில் அவ்வப்போது அனுப்பிக்கொண்ட துண்டுகளிலிருந்து அடைவில் மூன்றில் ஒரு பங்கை மீட்டோம். மீதத்தில் இரண்டு இதழ்களின் முழுத் தொகுப்பை எங்களுக்குத் தந்து உதவிய பெரியவர் இதற்குள் காலமாகிவிட்டார். அவர் வீட்டார் இதழ்களைப் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிட்டிருந்தார்கள்.

2015 செப்டம்பர் இறுதியில் வந்த எல் கேப்பிடானில் அனுமதிப் பொத்தான் இல்லை. அமைப்பின் கோப்புகளில் ரூட்டே கைவைக்க முடியாதபடி ஒரு காப்பு அதே பதிப்பில் வந்தது. கலைக்கவே முடியாததைச் சரிசெய்யக் கருவி எதற்கு? 2019இல் அமைப்பின் பகுதி படிக்க மட்டும் கூடிய தனித் தொகுதியாயிற்று. 2020இல் வந்த பிக் ஸரில் அந்தத் தொகுதி முழுவதற்கும் மறையீட்டு முத்திரை இடப்பட்டது. அதில் ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. மூலப்படியும் அச்சுப்படியும் வேறு வேறு என்ற நிலையே ஒழிந்தது, பாடபேதத்துக்கு இடமில்லை. 501ஆம் எண் குடிமகனுக்கு மட்டுமல்ல, 0ஆம் எண் அரசருக்கும் இப்போது அங்கே எழுத அனுமதி கிடையாது.

இதை எழுதும்முன் எங்களில் ஒருவரின் இன்றைய மாக் கணினியில் சூடோ என்ற நிரலின் அனுமதி வரிசையைப் பார்த்தோம். உடைமையாளர் ரூட். எக்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் எஸ் நின்றுகொண்டிருந்தது. 1971இன் கையேட்டில் அந்தக் குறிக்கு வேறு எழுத்து; ஏற்பாடு இதுதான்.